அக்கா கேட்டு வாங்கிய மயானப் பதிவேடு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். அக்காவைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதியிருக்கிறேன். மற்றவர்களைப் பற்றியும் அப்படி எழுதுவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அக்கா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பத்து வயதாகும்போது அப்பா ஹட்டன் பக்கத்தில் இந்தத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து குடும்பத்தை அழைத்து வந்தார். இங்கே வந்த பிறகு பிறந்தவள் நான். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அம்மா காலமானார். அதன் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும், பாடம் சொல்லித் தந்ததும், இரண்டு முறை பிரம்பால் அடித்ததும் அக்காதான். அந்த இரண்டு அடியும் எனக்கு வேண்டியதுதான்.

பத்தாம் வகுப்போடு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளை முப்பது வருடம் பார்த்துக்கொண்டார். இன்று இந்த மலரைப் படிக்கும் பலருக்கு அவர் பால் ஊட்டியிருக்கிறார். ஊரார் பிள்ளைகளையெல்லாம் வளர்த்தவருக்குத் தன் பிள்ளையை வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருடம் பிறந்த பெண் குழந்தை ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. பெயர் வைக்கவில்லை, பிறப்பைப் பதியவும் இல்லை. எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. அக்காவின் கணவர், என் மச்சான்தான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். எந்த இடம் என்று அக்கா கேட்டதற்கு, மேல் பக்கம் என்று மட்டும் சொன்னாராம். சில வருடங்களில் மச்சானும் போய்விட்டார். மேல் பக்கத்தில் எந்த இடம் என்று சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று.

அந்த மயானம் தோட்டத்து எல்லையில் இருந்தாலும் பிரதேச சபைக்குச் சொந்தமானது. அடக்கம் செய்யும் ஒவ்வொருவருடைய விபரமும் சபையின் பதிவேட்டில் ஏறும். சில வருடங்களுக்கு முன் அந்த நிலத்தை உல்லாசப் பயணிகள் விடுதி கட்டக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அக்கா மனு எழுதினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பதிவுத் தபாலில் போடலாம் என்றுதான் அக்கா சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர், நம் ஆள், கோயிலடிக்கு வந்து, தானே சபையில் கொடுப்பதாகச் சொல்லி மனுவை வாங்கிக்கொண்டார். அவருக்கு மாலை வேறு போட்டோம். அந்த மாலையை வாங்கி வந்தவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

மூன்று மாதத்தில் மயானத்தில் வேலிக்குத் தூண் நட்டார்கள். உறுப்பினரைக் கேட்டால், தான் ஒற்றை ஆளாகப் போராடியதாகவும் மற்றவர்கள் தோற்கடித்துவிட்டதாகவும் கண் கலங்கச் சொன்னார். ஊர் நம்பியது. அக்கா நம்பவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மயானப் பதிவேட்டின் பிரதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, என்னையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனார்.

தகவல் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி வரச் சொன்னார். தமிழில் கொடுக்கலாம் என்று அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். பிறகு அவர் எதற்கு, எதற்கு என்று நாலு தடவை கேட்டார். பக்கத்து மேசைக்காரர் எங்களைப் பார்த்து, "தோட்டத்து ஆளுங்களுக்குப் பதிவேடு எதுக்கு?" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். அவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

அக்கா கோபப்படவில்லை. "எதுக்குன்னு சொல்லணும்னு சட்டத்துல இல்லீங்க ஐயா. கெடச்சதுன்னு தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க, நாங்க போயிடுறோம்" என்றார். எதற்கு என்று என்னிடமும் அவர் அன்று சொல்லவில்லை.

பதிவேடு மழையில் நனைந்து பழுதாகி அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. நான் அழுதேன். அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சரி, அழிச்ச கடுதாசியக் கேப்போம்" என்றார். யார் உத்தரவில், எந்தத் தேதியில், யார் யார் முன்னிலையில் அழித்தார்கள் என்பதற்கான ஆவணங்களைக் கேட்டு அடுத்த விண்ணப்பம் போனது. குறித்த நாளில் பதில் வரவில்லை. மேன்முறையீடு எழுதினார். சபைப் பதிவேட்டை யாரும் நினைத்தபடி அழித்துவிட முடியாது. அழித்ததாகப் பொய்க்கடிதம் எழுதினால் எழுதியவர் மாட்டிக்கொள்வார். அடுத்த மாதமே களஞ்சிய அறையில் பதிவேடு அகப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத பதிவேடு.

பிரதி வந்த அன்று அக்கா பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தார். 'பெயர் வைக்காத பெண் குழந்தை, ஒன்பது நாள். மூன்றாம் வரிசை, பதினோராம் குழி.' அந்தக் குழந்தை பிறந்ததற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அதுதான். வெகு நேரம் அக்கா விரலை எடுக்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் மழையில் போய்விட்டது என்றார்கள். அவர்களை நான் எப்படி மன்னிப்பேன்?

மூன்றாவது விண்ணப்பத்தில் அக்கா சபைக் கூட்ட அறிக்கையையும், அந்த மாதம் வந்த கடிதங்களின் பதிவையும் கேட்டார். இரண்டும் வந்தன. கடிதப் பதிவில் எங்கள் மனு இல்லவே இல்லை. மயானத்தில் பல காலமாக அடக்கம் நடப்பதில்லை, ஊர் மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கூட்ட அறிக்கையில் இருந்தது. பதிவேட்டிலோ அந்த வருடத்து அடக்கங்கள் வரை ஏறியிருந்தன. நிலத்தைக் கொடுக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தவர் பெயரைப் பார்த்தேன். நாங்கள் மாலை போட்ட அதே உறுப்பினர்.

அக்கா பிரதிகளையெல்லாம் மாகாண அதிகாரிகளுக்கு அனுப்பினார். விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தும்படி உத்தரவு வந்து வேலி போடுவது நின்றது. தானே ஓடியாடி நிறுத்தியதாக உறுப்பினர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கூட்டம் போட்டு அவர் முகத்திரையைக் கிழிக்கலாம் என்று நான் குதித்தேன். அக்காவுக்கு அப்போது வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. படுத்தபடியே சொன்னார்:

"இப்ப சொன்னா இல்லேம்பாரு, நாலு பேரு நம்புவாங்க. என் சாவுக்குக் கட்டாயம் வருவாரு. கூட்டம் இருக்கிற எடத்துக்கு அவரு வராம இருக்க மாட்டாரு. பேச விடு. அந்த மண்ணுல நின்னு பேசட்டும். அப்புறம் நீ வாசி."

அவர் வந்தார். வழக்கத்தை மீறி நானும் மயானத்துக்குப் போனேன். என்னைத் தடுக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். உறுப்பினர் அனுதாப உரையில், இந்த மண்ணைக் காப்பாற்றத் தான் பட்ட பாட்டைப் பத்து நிமிடம் பேசினார். முடித்ததும் நான் முன்னால் போய்க் கூட்ட அறிக்கையை வாசித்தேன். அவர் பெயர் வரும் வரியை இரண்டு முறை வாசித்தேன். பிறகு, "ஐயா, நாங்க கோயிலடியில ஒங்க கையில குடுத்த மனு எங்கீங்க?" என்று கேட்டேன்.

மண் போடும் முறை வந்தது. நடுவில் நின்ற உறுப்பினரால் நழுவிப் போக முடியவில்லை. இங்கே அடக்கம் நடப்பதில்லை என்று எழுதிக்கொடுத்தவர், குனிந்து, அக்காவின் குழியில் ஒரு பிடி மண் போட்டார். அதை நான் கண்குளிரப் பார்த்தேன். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நிலத்தைக் கொடுக்கும் தீர்மானத்தைச் சபை அடுத்த கூட்டத்திலேயே ரத்துச் செய்தது.

அக்காவின் நோய்க்காலத்தில் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று மெல்லச் சொல்லித் தந்த, சபையில் வேலை செய்யும் தங்கை ஒருத்திக்கும், கருமாதி வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த லயத்து உறவுகளுக்கும், பதிவேட்டைப் பார்த்து அளந்து, மூன்றாம் வரிசையில் குழந்தைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டித் தந்த தம்பிமாருக்கும் நன்றி. தாயும் பிள்ளையும் இப்போது ஒன்றாக இருக்கிறார்கள்.

உறுப்பினருக்கு நன்றி இல்லை. அக்கா அவரை மன்னித்துவிட்டுப் போகவில்லை. நானும் மன்னிக்கப் போவதில்லை. தேர்தல் வந்தால் அவர் வாக்குக் கேட்டு வருவார். எங்கள் லயங்களுக்கு ஏறி வர ஒரே பாதைதான் இருக்கிறது, அது அக்கா படுத்திருக்கும் இடத்தை ஒட்டித்தான் வருகிறது. தாராளமாக வரட்டும்.