கண்ணளவு அடித்த நாற்பது கம்பிகள்

ஜன்னல் கம்பி அடிக்கும் பட்டறைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் கண்ணளவு. அளவு நாடா எப்போதும் இடுப்பில் தொங்கும், வெளியே வராது. ஒரு கண்ணை மூடி ஜன்னல் திறப்பைப் பார்ப்பார், "மூணே முக்கால் அடி" என்பார், முடிந்தது கதை. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இல்லாதபோது சுவர் கோணல் என்பார். வீட்டுக்காரர் தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் இங்கே கம்பி வளைந்திருக்கும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றார். அங்கே வேலை பார்த்தவர்களும், வந்து போகும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் காவலாளியுமாகப் பன்னிரண்டு பேர், நாலைந்து தேசத்துக்காரர்கள். எதைப் பேசத் தொடங்கினாலும் சாப்பாட்டில்தான் போய் முடிப்பார்கள். எல்லார் ஊரிலும் கறியைக் கம்பியில் குத்தித் தணலில் சுடுகிறார்களாம். அதைக் கண்டுபிடித்தது தன் பாட்டன்தான் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள்.

ஆகவே பிரிவு விருந்து அதுதான் என்று முடிவாயிற்று. ஞாயிறு மதியம், பட்டறை முற்றத்தில். கறி அவரவர் கொண்டு வருவது. அடுப்பும் கம்பியும் கண்ணளவின் பொறுப்பு. இத்தனை வருஷம் தன்னிடம் திட்டு வாங்கியவர்கள் ஒரு நாளாவது தன் கையால் வயிறு நிறைந்து போக வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை.

"யாருக்கு எப்படி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"கம்பியப் பத்தி நான் போயி துணி துவைக்கிறவங்ககிட்ட கேக்கணுமா?"

"துவைக்கிறவ போட்ட சோத்தத்தான இத்தன வருஷமா சாப்பிடுறீங்க."

அவர் கேட்கவில்லை. நாற்பது கம்பி அடித்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே உருட்டு. முகம் பார்க்கலாம் போல வழவழவென்று தேய்த்து வைத்தார். அங்கேதான் வினை.

இஸ்திரி இயந்திரக்காரர் கொத்திய கறியை வெங்காயத்தோடு பிசைந்து கம்பியில் பிடித்து வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போய் நேராகத் தணலில் விழுந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தயிரில் ஊறிய துண்டுகளைக் குத்திக் கம்பியைத் திருப்பினார். கம்பி திரும்பியது, கறி திரும்பவில்லை. ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை. எல்லாரும் தங்கச்சி என்று கூப்பிடும் துணி மடிக்கும் பெண் விரல்நுனி அளவுக் கோழித்துண்டுகளோடு வேர்க்கடலைக் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். கம்பி ஏறியதும் துண்டுகள் இரண்டாகப் பிளந்தன. காவலாளி கொண்டு வந்தது கல்லுப்பு மட்டும் தடவிய முழங்கை நீள மாட்டிறைச்சி. அது தன் கனத்தில் தானே சுழன்று கொழுப்புப் பக்கத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டது.

"அண்ணே, இது கம்பியா, ராட்டினமா?" என்றார் காவலாளி.

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. "பரவால்லக்கா, ஹோட்டல்ல சொல்லிக்கலாம்" என்றாள் தங்கச்சி. அடுக்கிய தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் கண்ணளவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கண்ணளவு தொண்டையைக் கனைத்தார். நாடாவை உருவி இஸ்திரிக்காரரிடம் போனார்.

"தம்பி, உங்க ஊர்ல எவ்வளவு அகலம்?"

"தட்டையா, ஒரு விரல் இருக்கணும்ணே. அப்பதான் கறி ஒட்டும்."

கேட்டுக்கொண்டே போனார். ஓட்டுநருக்கு நாலு பட்டையாக, கறியும் கம்பியோடு திரும்பும்படி. தங்கச்சிக்கு ஊசிபோல மெலிசு. காவலாளிக்கு இரண்டு கால் வேண்டும், கறி அசையக் கூடாது. பிறகு பட்டறையிலிருந்து காற்றூதியை இழுத்து வந்து அடுப்பின் வாயில் வைத்தார். தணல் சீறியது, கம்பிகள் சிவந்தன. தண்டவாளத் துண்டின்மேல் வைத்துச் சம்மட்டியால் தட்டத் தொடங்கினார். விருந்தாளிகள் இடுக்கி பிடித்தார்கள், வாளியில் கம்பியை முக்கினார்கள், தட்டிய இடம் தப்பு என்று நாலு விதமான உச்சரிப்பில் அவருக்கே பாடம் நடத்தினார்கள். அவரும் "சரி, சரி" என்று தலையாட்டினார். தெரு எட்டிப் பார்த்தது.

ஒன்றரை மணிக்கு ஆக வேண்டிய சாப்பாடு மூன்றரைக்கு ஆயிற்று. பசி ஏறி நின்றதால் தன் கறி வேகும்வரை அடுத்தவன் கறியைத் தின்றார்கள். வேர்க்கடலைக் குழம்பில் மாட்டிறைச்சியைத் தோய்த்த காவலாளி, அது தன் பாட்டனுக்குத் தோன்றாமல் போனதற்கு வருத்தப்பட்டார். கொத்துக்கறி கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் ஒவ்வொரு தட்டிலும் இரண்டாம் தடவை வைத்தார், மூன்றாம் தடவை அதட்டி வைத்தார்.

எல்லாரும் முடித்த பிறகு, மீசைவரை கரி அப்பிய முகத்தோடு கண்ணளவு அடுப்பருகே நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"உனக்கு எது வேணும்? எப்படி வேகணும்?"

அந்த அம்மாள் தன் தட்டை நீட்டினார்.

"தட்டைக் கம்பியில ஒண்ணு. ஓரம் கொஞ்சம் கருகலா. கேட்டுட்டீங்கல்ல, இனிமே தினமும் சொல்லுவேன்."