கழித்த பலகைகள்

எஹலியகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளாக்கராக இருந்த கடைசி வருடங்களில், கொழும்பு ஆபீஸ் எங்களுக்கு ஒரு கணினித் திட்டத்தை அனுப்பியது. அடுத்த மாதம் எவ்வளவு தூள் செய்வோம் என்று சொன்னால், அதற்கு வேண்டிய விறகையும் சாக்கையும் அதுவே கணக்கிடும். விறகு மழையில் நனைந்து கிடப்பது மட்டும் அதற்குத் தெரியாது.

பிறகு ஒரு சுற்றறிக்கை. இரண்டு வருடம் அசையாத பொருட்களையெல்லாம் கணினியிலிருந்து கழிக்க வேண்டும். சுற்றறிக்கையைக் கடைசி வரி வரை படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் வேலை என்னிடம் வந்தது. எப்போதோ விற்ற லாரியின் உதிரிப்பாகங்கள், கழற்றி வீசிய மெஷினின் பெல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். இல்லாததை ஒழிப்பது சிரமமான வேலையல்ல.

தேயிலைப் பெட்டிக்கான பலகையும் வரிசையில் வந்தது. அது இருந்தது. தூளைக் காகிதச் சாக்கில் அனுப்பத் தொடங்கியபின் அதற்குத் தொழிற்சாலையில் வேலை இல்லை; ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது இறந்தால் ஆசாரி அதில்தான் சவப்பெட்டி அடிப்பார். தோட்டத்தை நடத்தும் துரை ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்திடுவார், பலகை போகும். கணினியோ தூளுக்கும் மெஷினுக்கும் கொடுத்ததை மட்டுமே பதிந்துகொள்ளும். ஆகவே அதன் பார்வையில் பலகை அசையவேயில்லை. இதை விளக்கிக் கொழும்புக்கு எழுதினேன். கழிக்கச் சொன்னார்கள். கழித்தேன். ருவான்வெல்லை வியாபாரி ஒருவரின் லாரி திங்கட்கிழமை வந்து பலகை எல்லாவற்றையும் ஏற்றிப்போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை, அடுப்புக்கு விறகு போடுபவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"பலகைக்கு வந்தேங்க ஐயா."

"யாருக்கு?"

"வீட்டுக்காரிங்க. ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சு. நாளைக்கு எடுக்கணும்."

ஆசாரி பின்னாலேயே வந்துவிட்டார். "உயரம் எவ்வளவு?" என்று கேட்டார். விறகு போடுபவர் தன் தோளருகே கையை வைத்துக் காட்டினார். காட்டியபின்னும் கையை இறக்கவில்லை.

கழித்த பொருளை யாருக்கும் வழங்கக் கணினி கேட் பாஸ் அடிக்காது. அந்த மாதத்திலிருந்து கையால் எழுதிய பாஸும் செல்லாது. வாசல் காவலாளியைக் கேட்டேன்.

"பாஸ் இல்லாம என் பொணமே இந்த கேட்டைத் தாண்டாதுங்க ஐயா" என்றார் அவர்.

"அப்ப செத்தவங்கள கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுதா ஒங்க கம்ப்யூட்டரு?" என்று ஆசாரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன். கழித்த பொருளை வெளியேற்ற மூன்று வழிகள்: விற்றல், எரித்தல், புதைத்தல். கடைசி வழி காலாவதியான பூச்சிமருந்துக்காக வைத்தது. புதைப்பதென்று குறித்த பொருளை விற்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் புதைக்கலாம். துரையின் கையெழுத்து வேண்டும். பலகைக்கு எதிரே 'விற்றல்' என்றிருந்ததைப் 'புதைத்தல்' என்று மாற்றினேன். பாஸ் வந்தது.

துரை தாளைப் பார்த்தார். "இதில் எழுதியிருப்பது உண்மைதானே?"

"நாளைக்குப் புதைக்கிறோம் சார். நீங்களும் வந்து பார்க்கலாம்."

அவர் வந்தார். மழை தூறியது. குடையை விரிக்காமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். பெட்டியின் உட்புறத்தில் தோட்டத்தின் முத்திரை இருந்தது. ஆசாரி அதை இழைத்தெடுக்கவில்லை. அந்தப் பெண் இருபது வருடத்துக்குமேல் அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். அவளுடைய கணவர் மண் போட்டுவிட்டு, விலகத் தெரியாமல் அங்கேயே நின்றார். ஆசாரி கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

திங்கட்கிழமை லாரி வெறுமையாகத் திரும்பியது. சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு இளம் அதிகாரி தொலைபேசியில் கேட்டார்: "அந்தப் பலகையை இன்னும் புதைத்து முடிக்கவில்லையா? எப்போது முடியும்?"

அவசரப்படுத்த எங்களிடம் வழி இல்லை என்றேன்.