சர்வர் கேட்டுக்கொண்டிருக்கும்

மைசூரில் கடைக்காரர்கள் பேசமாட்டார்கள். பேசத் தெரியாதவர்கள் என்று சொல்ல வரவில்லை; முதலில் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். சரஸ்வதிபுரத்தில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. காலையில் பால் வாங்கப் போய் நிற்பேன். கடைக்காரர் கன்னடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை அன்பாகப் பார்ப்பார். நானும் அவரை அன்பாகப் பார்ப்பேன். அவர் கேட்கட்டும் என்று நான் நிற்க, நான் சொல்லட்டும் என்று அவர் நிற்க, பிஸ்கட் பாட்டிலின் மேல் ஒரு ஈ மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, "ஹேளி" என்பார். சொல்லுங்கள் என்று அர்த்தம். என்ன வேண்டும் என்ற விசாரிப்பு கிடையாது. உள்ளே வாங்க, உட்காருங்க எதுவும் கிடையாது. வெறும் ஹேளி. வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றிருக்கும். காசு கொடுத்து வாங்க வந்தவனை ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார்?

எனக்குச் சுருக்கென்றதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா மதுரையில், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். துணி அளப்பதோ பில் போடுவதோ இல்லை. வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலை. "வாங்கம்மா வாங்க, உள்ள வந்து பாருங்க, பாக்குறதுக்குக் காசு இல்ல" என்று அவர் ஆரம்பித்தால் செருப்பு வாங்கக் கிளம்பிய குடும்பம் சேலையோடு வீடு திரும்பும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எதிர்க்கடை மைக்கை எல்லாம் மீறி அவர் குரல் கேட்கும். அந்தக் குரலில் வளர்ந்தவன் நான். கடை என்றால் அது கூப்பிடும், நாம் போவோம். வீடு என்றாலும் அப்படித்தான். கூப்பிடாத இடத்துக்குள் காலை வைப்பது எங்கள் குடும்பத்தில் ரோஷமில்லாதவன் செய்கிற காரியம்.

இப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மைசூருக்கு வந்து சேர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் கம்பெனி. முதல் நாள் பெட்டியோடு வாடகை வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "பன்னி, பன்னி" என்றார். ஒரு தடவை சொன்னாலும் பரவாயில்லை, இரண்டு தடவை. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். வாங்க வாங்க என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பக்கத்து போர்ஷன்காரர் விளக்கியபிறகுதான் செருப்பைக் கழற்றினேன். வெளியூரில் பிழைக்கும் என் சக தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. நம்மில் பாதிப் பேரை இந்த ஊர் பன்னி சொல்லித்தான் வரவேற்றிருக்கும்.

ஆபீசில் எனக்குத் தரப்பட்ட வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி மதுரையில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். மைசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒன்றும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒன்றுமாக ஒருவருக்கு இரண்டு லாட்ஜுகள். தசரா சமயத்தில் இங்கே ரூம் இல்லையென்றால் அங்கே இருக்கிறதா என்று போன் போட்டு, அது எப்போதும் என்கேஜ்டாக இருந்து, வந்த ஆள் பக்கத்து லாட்ஜுக்குப் போய்விடுவார். இதற்கு ஒரு வழி செய்யச் சொன்னார் அந்த லாட்ஜ்காரர். எங்கள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் எல்லா ரூம் கணக்கையும் வைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் சர்வர். லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் கம்ப்யூட்டர் டெலிபோன் லைன் வழியாக, இன்டர்நெட்டில் பக்கங்கள் வருகிற அதே பாதையில், சர்வரோடு பேசி ரூம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும். அதற்குப் பெயர் க்ளையண்ட். சர்வர் பக்கத்துப் புரோகிராமை என்னோடு வேலை பார்த்த ரூபா எழுதினாள். க்ளையண்ட் பக்கம் என்னுடையது. உலகமே இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த வருஷத்தில், நாங்கள் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அதுபோல ஒரு சந்தோஷமான வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எஸ்டிடி பூத்திலிருந்து அப்பாவிடம், சர்வர்கூடப் பேசுகிற புரோகிராம் எழுதுகிறேன் என்றேன். ஹோட்டல்லயா வேலை என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. நமக்கெல்லாம் சர்வர் என்றால் தோளில் துண்டோடு வந்து, என்ன சாப்பிடுறீங்க என்று கேட்பவர்தானே? அப்பா கேட்டதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அவர் மனதில் இருந்த அதே சர்வர்தான் என் மனதிலும் உட்கார்ந்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

ரூபா மைசூர்க்காரி. என் கன்னடமும் அவள் தமிழும் ஒரே தரம், அதாவது மோசம். ஆனாலும் அவளோடு பேசுவதில் ஒரு சிக்கலும் இல்லை, ஒன்றைத் தவிர: அவள் வாக்கியத்துக்கு ஒரு அல்வா வைப்பாள். இது சரி, அல்வா? நாளை வருவீர்கள், அல்வா? நம் 'அல்லவா'தான் அவர்கள் வாயில் அப்படித் தேய்ந்திருக்கிறது என்று புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை, இந்தப் பெண் நமக்கு எதற்கு இத்தனை அல்வா கொடுக்கிறாள் என்று உஷாராகவே இருந்தேன். வேலை தொடங்கிய அன்று, கனெக்ஷன் கிடைத்ததும் என்ன நடக்கும் என்று அவளிடம் கேட்டேன். அவள் யோசிக்காமல் சொன்னாள்:

"சர்வர் கேள்தா இருத்தெ. நீவு ஹேளி."

சர்வர் கேட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் சொல்லுங்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? தமிழிலும் கேட்பதுதான், கன்னடத்திலும் கேட்பதுதான். எனக்கும் கன்னடம் நன்றாகப் புரிகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. சர்வர் கேட்கும், கேட்டபிறகு என் புரோகிராம் பதில் சொல்லும். அதற்கு முன் நான் எழுதியிருந்தது ஒரு மெயில் புரோகிராம். அதிலும் நாம் போய் நின்றவுடன் சர்வர்தான் முதலில் வணக்கம் போடும், பிறகு நாம் பேசுவோம். மரியாதை தெரிந்த சர்வர். ஆக, அதே மாதிரி எழுதினேன். சோதித்துப் பார்க்க ரூபாவின் சர்வர் இன்னும் தயாராகவில்லை; நானே விளையாட்டாக ஒரு பொம்மை சர்வர் செய்து வைத்துக்கொண்டேன். என் ஆள், அதாவது என் புரோகிராம், வாசலில் போய் நின்றதும் அது வாங்க என்று சொல்லும். அப்பா பெற்ற பிள்ளை செய்த சர்வர் வேறெப்படி இருக்கும்? இவன் உடனே ரூம் இருக்கா என்பான், அது இருக்கு என்னும். எல்லாம் ஜோராக ஓடியது. ரூபாவும் தன் பக்கத்தைத் தனியாகச் சோதித்து, ஜோராக ஓடுகிறது என்றாள்.

லாட்ஜ்காரருக்குக் காட்டிய அன்றுதான் முதல்முறையாக இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். முதலாளி ஸ்ரீகண்டய்யா, லாட்ஜ்காரர், ரூபா, நான். பட்டனை அழுத்தினேன். கனெக்ஷன் கிடைத்தது. பிறகு ஒன்றும் இல்லை. திரையில் அந்த மணற்கடிகாரம் நின்றது. தப்பு என்று ஒரு செய்தியாவது வந்திருந்தால் சமாளித்திருப்பேன், அதுவும் வரவில்லை. லாட்ஜ்காரர் காபியை நிதானமாகக் குடித்து முடித்து, இன்னொரு நாள் வருகிறேன் என்று சிரித்தபடியே எழுந்து போனார். ஸ்ரீகண்டய்யா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். மதுரையாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், மனசு ஆறியிருக்கும். இந்த ஊர் மௌனத்தில் அதற்கும் வழியில்லை.

நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னை வேலைக்கு எடுக்கும்போது ஆறு மாதம் பார்க்கிறோம் என்றார்கள். அந்த ஆறு மாதம் முடிந்து போயிருந்தது. இருங்கள் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. இதற்கிடையில் சித்தப்பா சென்னையில் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார். அங்கே அந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கோ மைசூரை விட மனசே இல்லை. இந்த வேலை பிடித்திருந்தது, ஊர் பிடித்திருந்தது, வெண்ணெய் வழிகிற மசால் தோசை பிடித்திருந்தது. அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இருங்கன்னு சொன்னாங்களா?"

"சொல்லலப்பா."

"கூப்பிடாத கடைக்குள்ள என்னத்துக்குடா நிக்கிற? கெளம்பி வா."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. வேண்டும் என்றால் கூப்பிட்டுச் சொல்லியிருக்கமாட்டார்களா? டெமோவும் ஊத்திக்கொண்டது. மறுநாள் ஸ்ரீகண்டய்யாவிடம், சென்னைக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ரூபா, சர்வர் பக்கத்தில் பார்த்தேன், உங்கள் ஆள் வருகிறார், ஒன்றும் சொல்லாமல் சும்மா நிற்கிறார் என்றாள். உன் ஆள் ஒன்றும் கேட்கவில்லையே, என் ஆள் என்னத்தைச் சொல்வது என்று நான் எரிந்து விழுந்தேன். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்றாள் அவள். கேட்கவே இல்லை என்றேன் நான். இப்படிக் கேட்கிறது, கேட்கவில்லை என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு, இரண்டு பேருக்கும் தொண்டை காய்ந்து கீழே காபி குடிக்கப் போனோம். அவள் சில்லறை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நான் கவுன்டரில் போய் நின்றேன். கவுன்டர்காரர் என்னை அன்பாகப் பார்த்தார். நானும் அவரை அன்பாகப் பார்த்தேன். பின்னால் ரூபா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. திடீரென்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நிம் ப்ரோக்ராமும் ஹீகே நிந்திதெ!" என்றாள். உங்கள் புரோகிராமும் இப்படித்தான் போய் நிற்கிறது.

அப்படியே நின்றேன். கேள்தா இருத்தெ. அவள் சொன்ன கேட்பது, காது கொடுத்துக் கேட்பது. நான் எடுத்துக்கொண்ட கேட்பது, வாய் திறந்து கேட்பது. கேள்வி கேட்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மொழிக்காரர்களும் இத்தனை காலம் எப்படிக் குப்பை கொட்டினோமோ தெரியவில்லை. வெள்ளைக்காரனுக்கு இந்தக் கோளாறு வந்தே இருக்காது. அவனிடம் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. மெயில் சர்வர் போல இல்லை, இன்டர்நெட்டில் பக்கங்கள் வருகிற பாதையில் சர்வர் என்பது மைசூர்க் கடைக்காரர். கதவைத் திறந்து வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தானாக ஒரு வார்த்தை பேசாது. போகிறவன்தான் வாயைத் திறக்க வேண்டும். என் ஆளோ அப்பாவின் ஜவுளிக்கடை வாசலைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறான்.

மேலே ஓடிப்போய் மாற்றினேன். கீழே இருந்த வரியை மேலே ஏற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை. முதலில் சொல், பிறகு காத்திரு. பட்டனை அழுத்தினேன். ரூம் இருக்கா என்று என் ஆள் வாயைத் திறந்தானோ இல்லையோ, ரூபாவின் சர்வர் இரண்டு லாட்ஜ் கணக்கையும் கொட்டிவிட்டது. பாவம், எவ்வளவு நேரமாகச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்ததோ. அன்று சாயங்காலமே லாட்ஜ்காரரை வரவழைத்துக் காட்டினோம். அன்றும் நிதானமாகக் காபி குடித்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அவரை வழியனுப்பிவிட்டு ஸ்ரீகண்டய்யாவின் அறை வாசலில் போய் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்து என்னை அன்பாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆறு மாதமும் இந்தக் கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது. சும்மா போய் நின்றவன் நான்தான். ரோஷத்தை எல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, சார், எனக்கு இங்கேயே இருக்க ஆசை, நிரந்தரமாக வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஒரு மாதிரித் தமிழ் வரும்.

"நீங்க கேக்கவே இல்லியல்லா? மெட்ராஸ் பக்கத்துப் பசங்க, ஹோகிடுவாங்கன்னு நானும் சும்மா இருந்தேன்" என்றார். பிறகு, "இங்கயே இருப்பீங்க, அல்வா?"

ஒருத்தர் கொடுத்த அல்வாவை இவ்வளவு சந்தோஷமாக நான் வாங்கியது அன்றுதான்.

அப்பாவுக்கு அது இறங்கவில்லை. நீயாவா கேட்ட என்று போனில் இரண்டு தடவை கேட்டார். அவர் கணக்கில் அது கேட்டு வாங்கின வேலை. கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை. சென்னையில் வேண்டாம் என்று சொன்னதில் சித்தப்பாவுக்கும் வருத்தம். சரி, நேரில் வந்து பார்க்கிறேன் என்று தசரா கழிந்து அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் ஊரைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சத்தமாக இருக்கிற மனிதர் இரண்டு நாள் உம்மென்று இருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊர் திரும்புகிற அன்று, அம்மாவுக்கு ஊதுபத்தி வாங்கத் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனோம். அப்பா ஒரு ஊதுபத்திக் கடைப் படியேறி நின்றார். கடைக்காரர் அவரை அன்பாகப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னப்பா இவர் வாயவே திறக்க மாட்டேங்கிறார் என்றார் அப்பா. இங்கே நாமதான் மொதல்ல கேக்கணும்ப்பா என்றேன். இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா யாவாரம் எப்படி ஆகும் என்று அவருக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது. சட்டென்று தெருப்பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்கம்மா வாங்க! உள்ள வந்து பாருங்க, பாக்குறதுக்குக் காசு இல்ல!"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. பூ வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னவோ ஏதோ என்று சிரித்துக்கொண்டே படியேறினார்கள். கடைக்காரருக்கு முதலில் கூச்சம். பிறகு அவருக்கும் உற்சாகம் வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, "பன்னி அம்மா, பன்னி" என்று ஆரம்பித்தார். அப்பா திடுக்கிட்டு, பொம்பளைகளப் போய்ப் பன்னிங்கிறான்டா என்று என்னைப் பார்த்தார். நான் அர்த்தம் சொன்னேன். இரண்டு நாளாக இறுகிப் போயிருந்த முகம் அப்படியே உடைந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், அந்த மைசூர்க் கடையின் படியில் அதைத் தன் சொந்தக் கடைபோல எண்ணி நின்றுகொண்டு, கீழே நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"என்ன தம்பி, வெளியவே நின்னுட்டீங்க? வாங்க, உள்ள வாங்க."

அப்பாவுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஹேளி" என்றார். ஒரு கால் தெருவிலும் ஒரு கால் படியிலுமாக நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.