ஆண்டவர் நிறுத்தாத மழை

வேலை கேட்டு ஜெபிக்கிறவர்கள் நம் சபையில் நிறைய பேர் இருக்கிறீர்கள். நான் வேலை கொடுப்பதற்காக ஜெபித்து, அழுது, ஆண்டவரோடு சண்டையும் போட்டவள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம், 2005. பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு, மரக்காணத்தில் என் வீட்டுக் கூடத்திலேயே டேட்டா என்ட்ரி சென்டர் ஆரம்பித்தேன். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பெண்கள். எல்லோரும் பிளஸ் டூ முடித்துவிட்டு உப்பளத்தில் கூடை சுமந்தவர்கள். இவர்களை வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் பாரம்.

மெட்ராஸ் கம்பெனிகள் இரண்டு சோதனை வேலை கொடுத்துப் பார்த்து, தப்பு அதிகம் என்று கைவிட்டுவிட்டன. மூன்றாவது கம்பெனி இன்ஷூரன்ஸ் படிவங்களை ஒரு வாரம் டைப் அடிக்கக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜரே நேரில் வருவதாகச் சொன்னார். இதுவும் போனால் சென்டரை மூட வேண்டியதுதான். பெண்கள் திரும்பக் கூடை தூக்க வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, மூன்று மணி. இன்னும் அறுபது படிவங்கள் பாக்கி. தெற்கே வானம் கறுத்தது. ஐந்து பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"அக்கா, மழ எறங்கப் போவுது. அம்பாரத்துக்குக் கீத்து போடணும். அப்பா ஒண்டியா இருப்பாரு" என்றாள் மல்லிகா. அம்பாரமாகக் குவித்த உப்பை ஓலைக் கீற்றால் மூடுவதற்குள் மழை விழுந்தால் மாத உழைப்பு தண்ணீரோடு போய்விடும். எனக்கும் அது தெரியும். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"இப்ப போனீங்கன்னா நாளைக்கு யாரும் வராதீங்க" என்று கத்தினேன்.

"வந்துடுவோம்க்கா. உப்பு கரைஞ்சிடும், இது கரையாது" என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த மழையை நிறுத்தும். அவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்பும்" என்று கேட்டேன். கேட்கக் கேட்க மழை வலுத்தது. பக்கத்தில் எங்கோ இடி இறங்கியது. ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகைந்தன. கரண்ட் போய்த் தெருவே இருண்டது. ஒரு வார உழைப்பும் ஐந்து கம்ப்யூட்டர்களும் எரிந்தே போய்விட்டன என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஆண்டவர் மேலேயே கசப்பு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து பிளக்குகளும் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தன. உப்பளத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் பாத்தியின் மடையை அடைக்காமல் கரை ஏற மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், என் திட்டையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருத்தியும் வேலையை சேவ் செய்து, மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓடியிருக்கிறாள். நான் கேட்டபடி மழை நின்று, அவர்கள் திரும்பி வந்து வேலை செய்துகொண்டிருந்தால்? இடி மட்டும் எப்படியும் விழுந்திருக்கும்.

நனைந்தபடி மேனேஜர் வந்தார். "பசங்க எங்க மேடம்?" என்று கேட்டார். கரண்ட் போனதால் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்தரை மணிக்குத் தெருவில் சத்தம். மைக் செட் கடை வைத்திருக்கும் மல்லிகாவின் மாமாவுடைய ஜெனரேட்டரை டிரை சைக்கிளில் வைத்து ஐந்து பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழாயடியில் கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவர்கள், ஏழரை மணிக்கு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

மேனேஜர் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்: "டைப் அடிக்க ஆள் கெடைக்கிறாங்க மேடம். போனா திரும்பி வர்ற ஆள்தான் கெடைக்கல."

நிரந்தர வேலை வந்தது. 2006 கிறிஸ்துமஸுக்குள் பதினோரு பெண்கள் ஆனார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவே மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். என் கோபத்தையும் ஆண்டவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். இன்னும் பாக்கி இருக்கிறது, வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், ஊருக்கு ஒரு வழி வேண்டும் என்று காத்திருக்கிறவர்களே, அவரிடம் துணிந்து கேளுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அன்று நான் கேட்டதை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இன்று உங்கள் முன் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன்.