மேடைக்குப் போன அப்பாவின் சால்வை

காலை பத்தேகால் மணிக்கு அண்ணன் அப்பாவின் பீரோவைத் திறந்தார். எல்லாம் கெட்டது அந்த நேரத்தில்தான். முந்தைய நாள் டயாலிசிஸ் முடிந்த களைப்பில் அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று ராஜபாளையத்தில், அண்ணன் செயலாளராக இருக்கும் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா. எதிர்பாராமல் ஒரு பெரிய மனிதர் கூடுதலாக மேடையேறிவிட்டார். வாங்கி வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்று குறைந்தது. கடைக்குப் போக நேரமில்லையாம். வீடு அடுத்த தெருவில் இருந்ததாம், பீரோவில் அப்பாவின் சால்வையும் இருந்ததாம். மேடையேறியவரின் தோளை வெறுமையாக விட்டால் நம் ஊரில் ஆயுசுக்கும் பேச்சு. படுக்கையில் கிடக்கும் அப்பாவின் தோள் வெறுமையானால் யார் பேசப்போகிறார்கள்?

இதை அப்பாவின் முதலாண்டு நினைவு மலரில் எழுத வேண்டாம் என்றார் அண்ணன். ஊர் என்ன நினைக்கும் என்று கேட்டார். ஊர் நினைத்துக்கொள்ளட்டும். அண்ணனும் அச்சில் படிக்கட்டும்.

அப்பா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ராஜபாளையத்தில் லாரி கிளீனராகச் சேர்ந்து, பிறகு ஓட்டுநரானார். இங்கே நெய்யும் பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். அம்மா காலமான பிறகும் எங்கள் இருவரிடமும் இது வேண்டும், அது வேண்டும் என்று அவர் வாய் திறந்ததில்லை.

ஒருமுறை பனியில் சாலை அடைபட்டு ஸ்ரீநகரில் தங்க நேர்ந்தது. இடம் கொடுத்த வீட்டில் ஆண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து சால்வைக்கு ஊசிவேலை செய்வார்களாம். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அதுவே தொழில். அந்த வீட்டில் வாங்கியதுதான் இந்தச் சால்வை. பாக்கு நிறக் கம்பளி. ஓரம் முழுக்கச் சினார் மரத்து இலையும் மாங்காயும். “அடிப்பக்கத்தத் திருப்பிப் பாரு தாயி, எங்கயாச்சும் முடிச்சு தெரியுதா?” என்பார். எனக்குத் தெரிந்ததே இல்லை.

கல்யாண வீடுகளுக்கு அதை நீளவாக்கில் மடித்து இடது தோளில் போடுவார். பூவேலை முன்பக்கம் விழ வேண்டும். மார்கழியில் விரித்துப் போர்த்தி, வலது முனையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். “என்னண்ணே, ராஜபாளையத்துல பனி கொட்டுதா?” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். “எனக்குக் கொட்டுது, ஒனக்கென்ன? டீயக் குடி” என்பார்.

வேறு யாரும் அதைத் துவைக்க முடியாது. பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை கூட்டி அலசுவார். பிழியமாட்டார், துண்டில் சுருட்டி அமுக்குவார். கொடியில் போட்டால் இழுபடும் என்று நிழலில் கட்டில்மேல் விரிப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் இற்றுவிடும் என்று மடிப்பை மாற்றி மாற்றி, பழைய வேட்டியில் சுற்றி, கிராம்புப் பொட்டலத்தோடு வைப்பார்.

சிறுநீரகம் பழுதான பிறகு அது அவருக்கு அழகுக்கான துணியாக இல்லை. டயாலிசிஸ் நடக்கும்போது உடம்பு உதறும். ஆஸ்பத்திரிப் போர்வைக்கு மேல் அந்தச் சால்வையைப் போர்த்தினால்தான் பல் கிட்டுவது நிற்கும். இது அண்ணனுக்கும் தெரியும்.

அன்று மாலை அப்பா சால்வையைக் கேட்டபோது நானும் இருந்தேன்.

“ஒரு பெரிய மனுசருக்குப் போத்திட்டேம்ப்பா. ஒங்களுக்குப் பெருமதான?” என்றார் அண்ணன்.

அப்பா, “அவருக்குக் குளுருச்சாலே?” என்று கேட்டார்.

மறுநாள் அண்ணன் தங்கக்கரை போட்ட புதுப் பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார். அப்பா அதைத் தள்ளிவிட்டார். “இது மேடைக்குள்ளதுலே. என்னைய என்ன ரிட்டையரா ஆக்குத?”

போய்த் திருப்பிக் கேளுங்கள் என்று அண்ணனிடம் மன்றாடினேன். “போத்துனதப் போயி எப்படிக் கேக்க? மரியாதையா இருக்குமா?” என்றார். நானே அந்தப் பெரிய மனிதரின் உதவியாளருக்குப் போன் செய்தேன். “மேடம், கார் டிக்கியில சால்வ குமிஞ்சு கெடக்கும். அடுத்த மேடையில ஒண்ண எடுத்து யாருக்காச்சும் போத்திருவோம். எது எங்க போச்சுன்னு நான் கண்டேனா?” என்று சிரித்தார்.

அடுத்த டயாலிசிஸில் அப்பாவை இரண்டு போர்வையால் மூடினேன். உதறல் நிற்கவில்லை. “அது வந்துருச்சா தாயி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வாரமே அவருடைய இதயம் நின்றது. சால்வை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. குளிரோடு போனார் என்று சொல்கிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். நாளை நான் படுக்கையில் நடுங்கும்போது அவர்கள் யாருடைய மரியாதைக்கு ஓடுவார்களோ என்ற பயம் இந்த ஓராண்டாக என்னை விடவில்லை.

தன் போர்வையை அப்பாவுக்குத் தந்த பக்கத்துப் படுக்கைக்காரருக்கும், கைத்தாங்கலாக அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், சால்வையோடு அப்பா இருந்த படத்தை, குளிருக்கு இதைத்தான் கேட்கிறார் என்று எழுதி, வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பிய என் தோழிகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இறுதிச் சடங்குகளை அண்ணன் குறைவில்லாமல் செய்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பாவை வாசலில் ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தபோது, சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறி ஓர் அம்மா வந்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். விழா நடந்த அதே நாள் மாலை, அவருடைய பிரிவு உபசார விழாவில் அந்தப் பெரிய மனிதர் அப்பாவின் சால்வையை அவருக்குப் போர்த்தியிருக்கிறார். பள்ளி ஆசிரியை ஒருவர் காட்டிய அந்த வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து அவர் புறப்பட்டிருக்கிறார். அப்பா இறந்தது வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பையிலிருந்து சால்வையை எடுத்தார். நான் கை நீட்டினேன், தரவில்லை. பெட்டியின் கண்ணாடியைத் தொட்டவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“பெட்டியத் தெறக்கக் கூடாதும்மா. மெட்ராஸ்ல இருந்து இன்னும் ஆளுக வரணும்” என்றார் அண்ணன்.

“வாரவுக வரட்டும்யா. குளுருதுன்னு கேட்ட மனுசன ஐஸுக்குள்ளயா வச்சிருக்கீக? தெறங்க, போத்தணும்.”