சிங்கப்பூர் சுற்றி அடுத்த தெருவுக்கு

நூல் மில், டீக்கடை, திருப்பூர் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு, கோவில்பட்டியில் இன்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். என் படிப்பு ஒன்பதாவதோடு சரி. ஏணி ஏறத் தெரிந்தால் போதும் என்றார் முதலாளி.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி. கடை ஒரு தெருவில், மிட்டாய் போடும் குடோன் அடுத்த தெருவில். இரண்டிலும் எங்கள் லைன். குடோனில் கேமரா மாட்டி, கல்லாவில் இருந்தபடியே செல்போனில் பார்ப்பார். உடைந்த துண்டை வேலைசெய்யும் பெண்கள் வாயில் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். முழு மிட்டாயைத் தொட்டால்தான் அவருக்குப் பொறுக்காது.

ஆனால் படம் பிந்தித்தான் வரும். "ஏட்டி, கையில என்னது? கீழ வையி!" என்று போனில் கத்துவார்.

"அண்ணாச்சி, நீங்க பழசைப் பாக்குதீங்க. நான் தின்னு, தண்ணியும் குடிச்சாச்சு."

போனில் எல்லாரும் சிரிப்பது கேட்கும். சிரிக்கிற முகங்கள் அதற்கப்புறம்தான் திரையில் வரும்.

வேகம் பத்தவில்லை என்று மேல் பிளானுக்கு மாறினார். பிறகு அதற்கும் மேலே. படம் பளிச்சென்று ஆனதே தவிர, சீக்கிரம் வரவில்லை. லைனை வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"ஏலே, அவிய லைனை வெட்டினா உன் சீட்டையும் கிழிச்சிருவேன்" என்றார் எங்கள் முதலாளி. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் படுப்பதை விட்டு ஓர் வாடகை அறைக்குக் குடிபோயிருந்தேன்.

லைனில் படம் போகிற வழியை ஒவ்வொரு நிறுத்தமாகக் காட்டும் கட்டளை ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. போட்டுப் பார்த்தேன். மதுரை, சென்னை, கடல் தாண்டி சிங்கப்பூர். கேமரா கம்பெனியின் கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. குடோனில் கிளம்பிய படம் அதில் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கடைக்குத் திரும்பியது.

"அண்ணாச்சி, காசு குடுத்து ரோட்டை அகலமாக்கிட்டீங்க. வண்டி சிங்கப்பூர் சுத்தில்லா வருது."

"அடுத்த தெருவுக்கு வர எதுக்குலே சிங்கப்பூர் போகுது? எனக்கே பாஸ்போர்ட் கிடையாது!"

மறுநாள் குடோன் மாடியிலிருந்து கடை மாடிக்கு நேராக ஒரு கேபிள் இழுத்து, கல்லாவுக்கு மேலே சின்ன டிவி வைத்தேன். ஒரு பெண் முழு மிட்டாயை எடுத்தாள். "ஏட்டி!" என்றார் போனில். கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

"தம்பி, இப்ப இந்தப் படத்துக்கு உங்க லைன் வேணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி, இது நேர் வழி" என்றேன் பெருமையாக.

"அப்பம் ரெண்டு லைனையும் வெட்டிரு."

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. குடோனில் இன்டர்நெட் பெட்டியைக் கழற்றப் போனதுதான் அங்கே என் கடைசி வேலை. மிட்டாய் எடுத்த பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எங்க வாயில மண்ணைப் போட்டே சரி. உன் வாயிலயும் சேத்தால்லா போட்டிருக்கே?"

புதியம்புத்தூர் தையல் யூனிட்டில் பட்டன் வைக்க ஆள் கேட்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டேன்.