கால் தொட்டுப் பார்த்தவர்

நாற்பது வயதில் எனக்குப் பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஆசை பிடித்தது. கடலூரில் எனக்குச் சவாரி பழக்கிய பாய் என்னைவிட இளையவர். மெட்ராஸ் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். ஒல்லி உடம்பு, சிரிக்காத முகம். தினமும் என் குதிரையின் நாலு காலையும் தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்வார்.

சிதம்பரத்தில் பந்தயத்தன்று காலையிலும் தடவினார்.

“முன்னங்கால் சுடுது சார், உள்ள அடிபட்டிருக்கு. இன்னைக்கு வேணாம்.”

“ஆறு மாசமா நாயா ஒழைச்சிருக்கேன் பாய்!”

“ஒழைச்சது அது. நீங்க மேல குந்திக்கினுதான வந்தீங்க?”

பந்தயத்திலிருந்து விலகினேன். அவர் கால் சூடு தணியக் குதிரையைக் குளத்தில் இறக்கி, தானும் முழங்கால் தண்ணீரில் நின்றார். பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்தபோதும் நின்றுகொண்டிருந்தார். நான் கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால், கால் உண்மையில் சுட்டதா என்று அன்று நான் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.